ஒரே அளவு மணல்

பட்டியல் போடுவது என் பழக்கம். கடைக்குப் போகும் முன், பரிசோதனையைத் தொடங்கும் முன், ஒருவரோடு சண்டை போடும் முன்கூடப் பட்டியல் போடுவேன். ஒருமுறை எனக்குத் தெரிந்த சல்லடைகளை எல்லாம் எழுதிப் பார்த்தேன். அம்மாவின் தேநீர் வடிகட்டி. மாவு சலிக்கிற பிளாஸ்டிக் சல்லடை. அப்பா ரப்பர் மரம் சீவிய காலத்தில், ஸ்டோரில் பால் ஊற்றுகிற தொட்டியின் வாயில் கிடந்த கம்பிவலை. மரப்பட்டையும் எறும்பும் அதில் தங்கும், பால் மட்டும் கீழே இறங்கும். பிறகு என் வேலையிடத்துச் சல்லடைகள். கடைசியாக இன்னொன்றை எழுதி, அடித்துவிட்டேன்: கோயில் மண்டபத்தில் பெண்கள் உட்கார்ந்து, யார் எந்த வேலைக்கு ஆவார்கள் என்று பேசும் பேச்சு. அது சல்லடை இல்லை என்று அப்போது நினைத்தேன்.

சுங்கை பட்டாணியில் சின்னப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். ரோடு போடவும் வீடு கட்டவும் வருகிற மணலையும் ஜல்லியையும் சலித்து, எந்த அளவு மணி எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது என் வேலை. பெரிய துளைச் சல்லடை மேலே, அதைவிடச் சிறியது அதற்குக் கீழே, அடியில் ஒரு மூடிய தட்டு. இப்படி ஆறேழு சல்லடைகளை அடுக்கி, குலுக்கும் இயந்திரத்தில் வைத்துப் பூட்டிவிட்டால், பத்து நிமிடத்தில் மணல் தானாகப் பிரிந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். அந்த அடுக்கைப் பிரிக்கும்போது இன்றும் எனக்கு ஒரு திருப்தி வரும்.

சில மணிகள் மட்டும் மேலேயும் தங்காது, கீழேயும் விழாது. துளையும் மணியும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், மணி துளைக்குள் போய் இறுகிக்கொள்ளும். தண்ணீரில் அலசினாலும் வராது. சல்லடையைத் தலைகீழாகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கையால் மேலிருந்து அழுத்தக் கூடாது. முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற விதி இது. நான் சொல்லப்போகிற தவறு, விதி தெரியாதவள் செய்தது அல்ல.

நாங்கள் இருப்பது பீடோங்கில். ஆனால் எங்கள் கோயில், புக்கிட் செலம்பாவ் பக்கம், அப்பா வேலை செய்த தோட்டத்தில் இருக்கிறது. ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி இல்லை. ஆனால் ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் காடியிலும் மோட்டாரிலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தத் திருவிழாவில் எங்கள் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாவிளக்கு மாவை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இடிப்பதில்லை. ஒரே இடத்தில், ஒருவர் பொறுப்பில், மொத்தமாகத் தயார் செய்து, குடும்பத்துக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் அவரவர் விளக்கு பிடித்து, நெய்த்திரி ஏற்றி, பூசை முடிந்ததும் அந்த மாவையே பிரசாதமாகச் சாப்பிடுவோம். வேகவைக்காத மாவு. அதனால் அதைச் செய்கிறவர் சுத்தமானவராக இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் கண்டிப்பு.

பல வருடங்களாக அந்தப் பொறுப்பு ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. உறவில்லை என்றாலும் நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறார். பகலில் செம்பனைக்கு உரம் போடும் வேலை. வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் மரமாக வீசிக்கொண்டு போக வேண்டும். கோயிலில் அவருக்கு வேறு பதவி கிடையாது. கமிட்டியில் பெயர் இல்லை, மேடையில் மாலை இல்லை. மாவு மட்டும் அவருடையது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே விரதம் தொடங்கி, வேலைக்கும் லீவு போட்டுவிடுவார்.

போன வருடம் அம்மாவும் நானும் அவருக்கு உதவியாகப் போனோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்தாயிற்று. சலிப்பதற்கு அவர் தன் பிளாஸ்டிக் சல்லடையை எடுத்தார். நான் பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கழித்துப் போட்ட சல்லடை அது. வலை கொஞ்சம் தளர்ந்துவிட்டதால் சோதனைக்கு ஆகாது என்று மேலதிகாரி சொல்ல, கேட்டு வாங்கி வந்திருந்தேன். பித்தளை வளையம், எஃகு வலை. வீட்டில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவி, வெயிலில் காயவைத்தேன். பளபளவென்று இருந்தது. பின்பக்கம் பிரஷ் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது பாதி உண்மைதான். அவ்வளவு பளபளப்பாக இருந்த ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“நம்ம சல்லடையே போதும்லா” என்றார் பெரியம்மா.

“இதுல ஒவ்வொரு ஓட்டையும் ஒரே அளவு பெரியம்மா. மாவு எப்படி விழுதுன்னு பாருங்க.”

“ஓட்டைய அளந்து சாமிக்கு என்ன ஆகப் போவுது?” என்று சிரித்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். நான் வற்புறுத்தியதால்தான்.

ஈர மாவு தானாக இறங்காது. அவர் உள்ளங்கையால் வலைமேல் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து இறக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் பொடித்துக்கொண்டே, மாவு எவ்வளவு மிருதுவாக விழுகிறது என்று பார்த்துப் பெருமைப்பட்டேன். கையால் அழுத்தக் கூடாது என்கிற விதி ஏன் வந்தது என்று அந்த அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து, திரி அணைந்ததும், எல்லோரும் விளக்கைப் பிட்டு வாயில் போட்டார்கள். முதலில் ஒரு குழந்தை துப்பியது. பிறகு மண்டபத்தின் இன்னொரு மூலையில் யாரோ, “என்னா இது, நறநறங்குது?” என்றார்கள். எனக்கும் பல்லில் ஒன்று மாட்டியது. நாக்கு நுனியால் தள்ளி விரலில் எடுத்தேன். கண்ணாடிபோல வெள்ளையான ஒரு மணி. வேலையிடத்தில் அதைத் தினமும் பார்க்கிறேன். அது என்ன, எந்த அளவு, எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

வாயில் இருந்த மாவை இலையில் துப்பிக்கொண்டே ஓர் அக்கா பெரியம்மாவிடம் கேட்டார். மாதர் பகுதியில் எப்போதும் முன்னால் நின்று பேசுகிறவர்.

“ஏன் அக்கா, கையக் கழுவிட்டுத்தானே மாவத் தொட்டீங்க? ஒரம் கிரம் ஒட்டியிருந்துச்சா?”

“ஒரமா?” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பிள்ளைகளின் வாயை அம்மாக்கள் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைத்தார்கள்.

“ஒரு வாரமா நான் வேலைக்காட்டுக்கே போவலயே” என்றார் பெரியம்மா.

“நகத்துல இருந்திருக்கும். ஒரம் போடுற கை, ஒரு வாரத்துலயா போயிடும்?”

இன்னொருவர் தயங்கியபடி, “சல்லடை?” என்றார். அதற்கு அந்த அக்காவே பதில் சொன்னார்: “சல்லடை புதுசு மாதிரி மின்னுச்சு. நேத்து வந்தப்ப நானே பார்த்தேன். லேப்புல உள்ளது, அதுலயா அழுக்கு இருக்கும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மாவும் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, தனக்காக நான் ஏதாவது சொல்வேனோ என்கிற பார்வை.

அப்போது நான் செய்திருக்கக்கூடியவை மூன்று. ஒன்று, சல்லடையைக் கொண்டுவந்தது நான், பிரஷ் போடாதது நான். இரண்டு, அவ்வளவு தைரியம் இல்லையென்றால், இது உரம் இல்லை, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உரம் கரையும், இது கரையாது என்று மட்டுமாவது. மூன்று, பெரியம்மாவின் பக்கத்தில் போய் நிற்பது. அதற்கு வாய்கூடத் திறக்க வேண்டியதில்லை. மூன்றையும் செய்யாமல், விரலில் இருந்த மணியைத் தாவணியில் துடைத்தேன்.

“அடுத்த வருசம் பேக்கட்டு மாவு வாங்கிடலாம்” என்று முடிவானது. பெரியம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அழவில்லை. செருப்பைத் தேடக் கொஞ்சம் நேரமானது அவருக்கு.

திரும்பும் வழியில் காடியில் அம்மா கேட்டார்: “நம்ம சல்லடை இல்லையே?”

“இல்லம்மா. நல்லாக் கழுவுனேன்.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் காலையில் பின்கட்டில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சல்லடையைக் கவிழ்த்து, சாயம் அடிக்கும் பிரஷ்ஷால் பின்பக்கம் தேய்த்தேன். மீதமிருந்த மணிகள் தாளில் விழுந்தன. வேலையிடத்தில் விழுகிற ஒவ்வொரு கிராமையும் எடை போட்டுப் படிவத்தில் எழுதுகிறவள் நான். தாளை மடித்து, கால்வாயில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டேன். இப்போது சல்லடை நிஜமாகவே சுத்தமாக இருந்தது.

பிறகு பத்து மாதம். சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களை நான் எழுதி வைக்கவில்லை. ஆனால் வரிசை மனப்பாடம். திருவிழா முடிந்துவிட்டது. சொன்னால் மாவு திரும்பி வராது. மற்றவர்களும் மறந்திருப்பார்கள். பெரியம்மாவுக்கும் வயதாகிறது, இந்த வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததாக இருக்கட்டும். இந்தக் கடைசிக் காரணம் எனக்குள் உருவான நாளில் நான் கோயிலில் அவரைப் பார்த்திருந்தேன். வெள்ளிக்கிழமை பூசை. அவர் சமையல்கட்டுப் பக்கம் வராமல், வெளிக்குழாயில் தட்டுகளை மட்டும் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. நான் வணக்கம் சொல்லிவிட்டு விரைவாக நடந்தேன்.

என்னை அசைத்தது கோயில் அல்ல, வேலையிடம். பெண்டாங்கிலிருந்து ஒரு மலாய்ப் பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வயல்காரர் வீட்டுப் பெண். நெல்லைத் தூற்றுவதும் மணலைச் சலிப்பதும் ஒன்றுதானே என்று முதல் நாளே சிரித்தவள். ஒருநாள் அவள் செய்த பரிசோதனையில் மொத்த எடை கூடி வந்தது. போட்ட மணலைவிட வந்த மணல் அதிகம். முந்தைய பரிசோதனையின் மணிகள் துளைகளில் தங்கி, இதில் வந்து விழுந்திருக்கின்றன. நான் அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, சல்லடையைத் திருப்பிக் காட்டி, பின்பக்கம் பார்க்காமல் எப்படி அடுக்கினாய் என்று கேட்டேன். என் குரல் அமைதியாகத்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

“சோரி காக். சயா லூப்பா” என்றாள் அவள். மன்னிக்கணும் அக்கா, மறந்துட்டேன். அவ்வளவுதான். படிவத்தை வாங்கி, அந்த எண்களை அடித்து, பக்கத்தில் ‘சல்லடை சுத்தம் செய்யப்படவில்லை’ என்று எழுதி, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, பிரஷ்ஷை எடுக்கப் போய்விட்டாள். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் கையில் சல்லடையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்னு வச்சுக்கயேன்” என்றார். “நீ இல்லன்னு சொன்ன. நான் விட்டுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கோம்.”

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் வாசலில் உரவாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்காமல், கைகளைத் துண்டில் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரம்னு சொன்னாங்கல்ல. அப்ப நீ அங்கதானே இருந்த?”

“இருந்தேன் பெரியம்மா.”

“தண்ணில போட்டா தெரிஞ்சிருக்கும். உனக்குத் தெரியாதா அது?”

“தெரியும்.”

உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தைல டப்பாவை எடுத்துவந்தார். அதில் மணல் இருந்தது. அன்று தன் விளக்கு மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, டம்ளர் தண்ணீரில் கரைத்து, நாலைந்து முறை தண்ணீர் மாற்றி, அடியில் தங்கியதைக் காயவைத்து எடுத்திருக்கிறார். மண்ணைக் கழுவிப் பார்க்க நாங்களும் இதையேதான் செய்கிறோம்.

“கரையல. ஒரம் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா? அப்ப மணலுதானேம்பாங்க. மணலும் என் கையாலதானே வந்திருக்கும்னு நெனச்சேன். அரிசியில நான்தான் பார்க்காம விட்டுட்டேன்னு.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “பீடோங்குக்குப் போய்க் கண்ணாடி போட்டேன். தூரத்துக்கு ஒண்ணும் இல்ல, கிட்டத்துக்குத்தான் லேசான பவர்னு சொன்னான் அந்தக் கடைக்காரன். நான் நம்பல. இப்ப வீட்டுக்கு ஆக்குற அரிசியையும் ரெண்டு தடவ பார்க்குறேன். கல்யாண வீட்டுல கூப்பிட்டாக்கூட அடுப்படிக்குப் போறதில்ல.”

கமிட்டி என்ன நினைக்கும், அந்த அக்கா என்ன சொல்வார் என்றெல்லாம் பத்து மாதம் யோசித்த நான், இதை ஒருமுறைகூட யோசிக்கவில்லை. மற்றவர்கள் அவரைச் சந்தேகித்தது மட்டும்தான் என் கணக்கில் இருந்தது. அவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கியது அதில் இல்லை.

டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்தேன். எல்லா மணியும் ஒரே அளவு. வாசல் மண்ணாக இருந்தால் பெரிதும் சிறிதும் தூசியும் கலந்து வரும். அரிசிக் கல் என்றால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே வலையில் சிக்கிய மணிகள்தான் இப்படி இருக்கும். தாளை மடித்துக் கால்வாயில் கொட்டிய நாளில் எதை அழித்ததாக நினைத்தேனோ, அது இவர் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

“இத எனக்குக் குடுங்க பெரியம்மா. மண்டபத்துல காட்டணும்.”

“என்கிட்ட சொன்னதே போதும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். “அவங்க முன்னாடிதான் கேட்டாங்க. அவங்க முன்னாடியே சொல்லு.”

திருவிழா வேலைகளைப் பிரித்துக்கொள்ள ஆனி மாதத்தில் பெண்கள் கூடினார்கள். பூ யாருக்கு, பந்தி யாருக்கு என்று முடிந்ததும் எழுந்து நின்றேன். போன வருடம் மாவில் இருந்தது என் சல்லடை மணல் என்று சொன்னேன். பிறகு யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: “பெரியம்மா மேல பாசம்லா அதுக்கு.” இன்னொருவர், “பழிய தன் மேல போட்டுக்குது பாரு. படிச்ச பிள்ளைக்கு மனசு வேற” என்றார். இரண்டு பேர் அம்மாவைப் பார்த்து, நல்லா வளர்த்திருக்கீங்க என்று தலையாட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். பாராட்டு வாங்கத் தயாராகப் போகவில்லை.

வெள்ளைக் காகிதத் தட்டில் டப்பாவைக் கவிழ்த்து, நடுவில் வைத்தேன். பக்கத்தில் கோயில் வாசலிலிருந்து ஒரு பிடி மண்ணையும் வைத்தேன். இரண்டையும் பாருங்கள் என்றேன். உரம் என்று சொன்ன அந்த அக்காதான் முதலில் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் இரண்டையும் மாறி மாறித் தேய்த்தார்.

“இது ஒண்ணுபோல இருக்கு. இது கலப்படமா இருக்கு” என்றார். பிறகு நிமிர்ந்து என்னிடம், “அப்ப போன வருசம் ஏன் வாயத் தொறக்கல நீ?”

“வெக்கமா இருந்துச்சு அக்கா.”

“உனக்கு வெக்கம். அவங்களுக்கு?”

பெரியம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “சரி, இனிமே சாமிக்கு லேப்பு சாமான் வேணாம்” என்றார். சிலர் சிரித்தார்கள். “மாவு பழையபடி அக்காவே பார்க்கட்டும். பேக்கட்டு வேணாம்.” நோட்டில் பூவுக்கும் பந்திக்கும் நடுவே அது எழுதப்பட்டது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. இதோடு முடிந்தது என்றுதான் எனக்கும் தோன்றியது.

இந்த ஆடியில், மாவு சலிக்கிற நாளில், பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அரிசி அரைத்துத் தயாராக இருந்தது. பக்கத்தில் அவருடைய பழைய பிளாஸ்டிக் சல்லடை, கழுவிக் காயவைத்தது. கண்ணாடி போட்டிருந்தார். முன்பெல்லாம் பேசிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டே மாவை இறக்குவார். அவருடைய விரல்களே பார்த்துக்கொள்ளும். அன்று அவர் தொடங்கவில்லை. சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“பின்னால பாரு.”

பார்த்தேன். ஒன்றும் இல்லை. “சுத்தமா இருக்கு பெரியம்மா.”

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவ பாரு” என்றார்.